ஏழாம் மாடியின் ஒரே தாழ்ப்பாள்

நவம்பர் பதினாலாம் தேதி, இருட்டிய பிறகு, அமெரிக்காவின் பர்பேங்கில் உள்ள ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் ஏழாம் மாடியில் வினோதமான சத்தம் ஒன்று கேட்டது.

‘ஊங்ங்... க்ரிச். ஊங்ங்... க்ரிச்.’

ஏதோ ஒரு ஜீவன் மூச்சை இழுத்துவிட்டு, அதை வெளியே விட மனமில்லாமல் பல்லைக் கடிப்பது போல இருந்தது. கேட்டவர் காவலாளியாக இருந்திருந்தால் அது வெறும் சத்தமாகவே போயிருக்கும். கேட்டவர் மூத்த துணைத் தலைவர். ஆகவே அது சம்பவம் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது.

மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. பொருள்: ஏழாம் மாடிச் சத்தம் தொடர்பாக. ‘மேற்படி சத்தம் சுமார் இருபது நிமிடம் நீடித்து, பின் யாருடைய தலையீடும் இன்றித் தானாகவே ஓய்ந்ததாக அறியப்படுகிறது. இது குறித்து விவரம் தெரிந்தவர்கள் அச்சமின்றி முன்வரலாம். இந்நிறுவனத்தில் எல்லாக் கதவுகளும் எப்போதும் திறந்தே இருக்கின்றன என்பது இதன்மூலம் நினைவூட்டப்படுகிறது.’

விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் முன்வரவில்லை. அச்சமின்றி என்று போட்டிருந்ததால்தான் அவருக்கு அச்சமே வந்தது.

பெயர் மரிபெத் கோவாக். வயது இருபத்தெட்டு. சர்வதேசத் தழுவல் பிரிவில் ஒப்பீட்டு உதவியாளர். வேலையில் சேர்ந்து நாற்பத்தோரு நாள். அந்தச் சத்தம் அவளுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், நாத்தனார் தன் மூன்று பிள்ளைகளுக்கும் உபயோகித்துவிட்டு அவளிடம் தள்ளிவிட்ட பழைய பால் பம்பினுடையது. வீட்டில் நாலு மாதக் குழந்தை ஜூனி. பகலெல்லாம் சுரந்து கல்லாகிவிடும் பாலை எடுத்துப் புட்டியில் அடைத்துக் கொண்டுபோனால்தான் மறுநாள் பகலுக்குக் குழந்தைக்கு ஆகாரம்.

அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேலையில் சேர்ந்த முதல் தொண்ணூறு நாளுக்குள் யாரையும் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அங்கே விதி. தொண்ணூறாவது நாள்தான் மருத்துவக் காப்பீடு தொடங்கும் என்பது இன்னொரு விதி. ஜூனி ஆறு வாரம் முன்னதாகவே உலகத்துக்கு வந்துவிட்ட குழந்தை. மாதாமாதம் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மரிபெத் ஏன் லிப்டில்கூட ஓரமாக நின்றாள் என்பது விளங்கும். ஜூனி தும்மினால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது.

போதாக்குறைக்கு அவள் ஒஹையோவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள். அங்கே இரண்டு விஷயம் எலும்புவரை இறங்கிவிட்டன. கேட்டால் பொய் சொல்ல வராது. பெரியவர்கள் அறைக்குள் வந்தால் கால்கள் தாமாக எழுந்து நின்றுவிடும்.

இனி அந்த அறை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அலுவலகத்தில் தனி அறை தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நிறுவனமும் தந்திருந்தது. வாசலில் ‘அன்னையர் அறை’ என்று பலகைகூட உண்டு. இரண்டு வருடம் முன்பு ஆலோசகர் ஒருவர் வந்து, மூடிய கதவு கற்பனையைக் கொல்லும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஒரே நாளில் அறைகளின் கதவுகள் கழற்றப்பட்டன. கழற்ற முடியாத கதவுகளின் தாழ்ப்பாள்கள் கழற்றப்பட்டன. அன்னையர் அறைக் கதவைச் சட்டம் காப்பாற்றியது. தாழ்ப்பாளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்காததால் அது போயிற்று. பதிலுக்கு ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘தயவுசெய்து உள்ளே வராதீர்கள்.’ அதற்குக் கீழே, எல்லாக் கதவிலும் உள்ளபடி: ‘எங்கள் கதவுகள் உங்களுக்காகத் திறந்தே இருக்கின்றன.’

பகலில் அந்த அறையில் அதிகாரிகள் ஆழ்மூச்சு விட்டார்கள். அது அந்த ஆண்டின் மோஸ்தர். அரை மணிக்கு ஒருவர் வீதம் முன்பதிவு செய்து, உள்ளே போய், மெத்தையில் உட்கார்ந்து, மூச்சு விட்டுவிட்டு வந்தார்கள். மரிபெத்துக்குக் கிடைத்தது மாலை ஐந்து நாற்பதிலிருந்து ஆறு மணி. இரண்டாவது நாளே விளம்பரப் பிரிவு இயக்குநர், மூச்சு பாக்கி இருக்கிறது என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே ஒரு மூச்சு, அதுவும் உள்ளே இழுத்தது மட்டும்தான், அப்படியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து மரிபெத் கதவின் கைப்பிடிக்கு அடியில் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள். அன்றிலிருந்தே பாலும் குறையத் தொடங்கிற்று. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எந்த மாட்டுக்கும் சுரக்காது.

கட்டடப் பராமரிப்பு ஹெக்டர் பராசாவிடம் போனாள். ஐம்பது தாண்டியவர்; எல்லா இளம் பெண்களையும் மிஹா என்பார், மகளே என்று அர்த்தம்.

“ஹெக்டர், ஒரே ஒரு தாழ்ப்பாள். சின்னதா இருந்தாலும் போதும்.”

“மிஹா, என்கிட்ட நூத்திப் பன்னெண்டு தாழ்ப்பாள் இருக்கு. நானே கழட்டினது. டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், பார்க்கிறியா?”

“பார்த்து என்ன பண்றது? மாட்டித் தாங்களேன்.”

“மாட்டக் கதவுக் குழு கையெழுத்து போடணும்.”

“கதவுக் குழு எப்போ கூடும்?”

“கூடறதே இல்ல. அவங்க கூடற அறைக்குக் கதவு கிடையாது. பேசறதெல்லாம் வெளியில கேக்குதாம்.”

மரிபெத் விண்ணப்பம் கொடுத்தாள். ‘தங்கள் கோரிக்கை பெறப்பட்டது; தாழ்ப்பாள் என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு நேர்மறையான சொல்லைப் பயன்படுத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று பதில் வந்தது.

தழுவல் பிரிவின் தலைவர் ட்ரெண்ட் வான்ஹார்ன். சத்தம் கேட்ட மூத்த துணைத் தலைவர் இவரேதான். இவரை எல்லோரும் ட்ரெண்ட் என்றுதான் கூப்பிட வேண்டும்; அந்த நிறுவனத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும், பயப்படுவது மட்டும் பதவி வாரியாக. வெளிநாட்டில் நன்றாக ஓடிய தொடர்களை வாங்கி அமெரிக்கர்களுக்குப் புரிகிற மாதிரி மறுபடி எடுப்பது அவர் தொழில். அந்த வருடம் அவர் வாங்கியிருந்தது ஃபரோ தீவுகளில் எடுத்த ‘தாழ்ப்பாள்’ என்ற தொடர். ஒரு விருந்தில் அவருடைய பல் மருத்துவர் அதைப் பாராட்டினாராம்.

நாலே பகுதி. வடகோடிக் கடலில் ஒரு தீவு, காற்று, ஆடுகள், தனியாக ஒரு பெண். இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்கிறது. அது என்ன என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. நாலாம் பகுதியின் முடிவில் அவள் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிறாள். அவ்வளவுதான். அந்தத் தீவுகளில் மொத்தம் ஐம்பதாயிரம் பேர். அத்தனை பேரும் ஒரு வாரம் விளக்கை அணைக்கவில்லை என்று சொல்வார்கள்.

ஏழாம் மாடியில் அந்தத் தொடரை முழுதாகப் பார்த்திருந்தது மரிபெத் ஒருத்திதான். அசலையும் தழுவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது அவள் வேலை. மற்றவர்கள் பார்க்கவில்லை, திரையின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடுகிறது, படிக்க நேரமில்லை என்றார்கள். ஆனால் அசல்தான் உயர்ந்தது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

“மக்களே, முதல்லயே சொல்லிடறேன்,” என்று ட்ரெண்ட் கூட்டத்தைத் தொடங்கினார். “அசல் ஒரு மகா காவியம். அதுல ஒரு புள்ளியைக்கூட நாம தொடக் கூடாது.”

எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

“நல்லது. இப்போ எதையெல்லாம் மாத்தணும்னு பார்க்கலாம். அந்தப் பொம்பளை ஏன் பயப்படறா?”

“சத்தம் கேக்குது, ட்ரெண்ட்,” என்றாள் மரிபெத்.

“கேக்கட்டுமே. நம்ம நாயகி பயப்பட மாட்டா. ராணுவத்துல டாக்டரா இருந்தவ. இப்போ கேக் கடை வெச்சிருக்கா.”

“கேக் கடை எதுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“பயப்படாத பொம்பளைன்னா ஜனங்களுக்குப் பிடிக்காது. கேக் செஞ்சா பிடிக்கும். அடுத்தது, தீவு வேண்டாம். நெப்ராஸ்கா.”

“அங்க கடலே இல்லையே?”

“அதனாலதான் தனிமை இன்னும் ஆழமா இருக்கும். படப்பிடிப்பு அட்லாண்டாவுல. வரிச் சலுகை. வீடு முழுக்கத் திறந்த சமையலறை, சுவரே கூடாது. இப்போ யாரு வீட்டுல கதவு வெக்கறாங்க?”

மரிபெத் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் நாற்பத்தெட்டாவது நாள் என்பது ஞாபகம் வந்தது. “கதவே இல்லாட்டி... கடைசியில எதுக்குத் தாழ்ப்பாள் போடுவா?”

ட்ரெண்ட் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். “நல்ல கேள்வி. போட மாட்டா. தாழ்ப்பாள் போட்டுட்டா ரெண்டாவது சீசன் எப்படி உள்ள வரும்?”

தொடரின் பெயர் ‘திறந்த கதவு’ என்று மாற்றப்பட்டது.

பாக்கி இருந்தது சத்தம். ஒலிப் பிரிவு அறுபத்து மூன்று சத்தம் கொண்டுவந்தது. ஓநாய், துருப்பிடித்த கிணற்று ராட்டினம், மடாலயத்துப் பாட்டைத் தலைகீழாக ஓட்டியது. எதுவும் ட்ரெண்டுக்கு ஒத்துவரவில்லை. ஒரு சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் மனிதாபிமானம் வேண்டும் என்றார். இன்னொன்றுக்குக் குழந்தைப் பருவம் சரியாக விளக்கப்படவில்லை என்றார்.

அந்த வாரம் ஒரு நாள் மாலை மரிபெத் வீட்டில் அசலின் முதல் பகுதியை மறுபடி போட்டாள். மடியில் ஜூனி, பல் வரப்போகிற கோபத்தில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இருட்டு. காற்று. பிறகு அந்தச் சத்தம்.

ஜூனி அழுகையை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். வாயைச் சப்புக்கொட்டினாள்.

ஐரோப்பாவே நடுங்கிய இடம் அது. மரிபெத் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். ஜூனி மறுபடி சப்புக்கொட்டி, அம்மாவின் சட்டையைத் தேடினாள். அம்மாவின் சட்டை அதற்குள் நனைந்துவிட்டிருந்தது. சத்தத்தைக் கேட்டு அவள் உடம்பும் பாலை இறக்கிவிட்டது. இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி யோசித்தாள், ஒருத்தி குடித்தாள்.

நான்கு நாள் கழித்து ட்ரெண்ட் கூட்டத்துக்கு ஓடிவந்தார். “கிடைச்சிடுச்சு! நேத்து சாயங்காலம் அதே சத்தம். தாழ்வாரத்துல நின்னு போன்ல பதிவு பண்ணிட்டேன்.”

போட்டுக் காட்டினார். ‘ஊங்ங்... க்ரிச். ஊங்ங்... க்ரிச்.’ மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். மரிபெத்தின் உடம்பு கூட்டம் என்றும் பாராமல் தன் கடமையைச் செய்தது. அவள் மேசையிலிருந்த காகிதக் கட்டை எடுத்து மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள்.

“பாருங்க! மரிபெத்தைப் பாருங்க!” என்று ட்ரெண்ட் கத்தினார். “நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. இதுதான் நிஜமான பயம். எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

“ஆனா அது எங்கேருந்து வருது?” என்றார் சட்டப் பிரிவின் லெனோர் அபாஜியன். எதையும் இரண்டு முறை படிக்கிற, ஒரு முறைகூடச் சிரிக்காத பெண்மணி.

“அதை யாரும் தேடக் கூடாது,” என்றார் ட்ரெண்ட். “தேடினா கிடைச்சிடும்.”

அது பற்றியும் சுற்றறிக்கை வந்தது. மாலை ஐந்தரைக்கு மேல் மேற்குத் தாழ்வாரத்தில் நடமாடுவது தவிர்க்கப்பட வேண்டும். மேற்படி சத்தம் நிறுவனத்தின் சொத்து. அதை யாரும் தனிப்பட்ட முறையில் கேட்கலாகாது. மரிபெத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாக அரசாங்கமே காவல் நின்ற மாதிரி இருந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்டது. ட்ரெண்ட், இரண்டாவது சீசனுக்குக் கூடுதல் சத்தம் பதிவுசெய்துகொண்டிருந்தார். நாற்காலியின் கால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. அன்று புட்டியின் அடிப்பகுதி மட்டும்தான் நிறைந்தது. ஜூனி இரவெல்லாம் அழுதாள்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் லெனோர் ஒப்பந்தத்தை இரண்டாம் முறை படித்து முடித்தார்.

“பதினாலாவது பிரிவு,” என்றார். “‘முடிவில் ஒரு பெண் உள்ளிருந்து ஒரு கதவைத் தாழிட வேண்டும். மூல ஆசிரியை நேரில் இருந்து அதை உறுதி செய்ய வேண்டும். தவறினால் உரிமை முழுவதும் ஆசிரியைக்கே திரும்பும்.’ அந்தம்மா அடுத்த வாரம் வர்றாங்க.”

“பத்துப் பகுதி எழுதி, வீடும் கட்டியாச்சே!” என்றார் ட்ரெண்ட். “வீட்டுல கதவே இல்லையே!”

“அது எனக்குத் தெரியாது. பிரிவு இருக்கு.”

வந்தவர் ரன்வா ஜோயன்சென். நாற்பது வயது, கனமான கம்பளிச் சட்டை, பர்பேங்க் வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. ட்ரெண்ட் இலைதழைகளாகத் தருவித்து விருந்து வைத்தார். ரன்வா நன்றி சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து, காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறியை எடுத்து, சின்னக் கத்தியால் சீவிச் சீவிச் சாப்பிட்டார். அந்த வாசனையில் ஏழாம் மாடியின் ஆழ்மூச்சு அத்தனையும் அன்று ரத்தாயிற்று.

அவருக்கு மரியாதை செய்யும் பொருட்டு ஒரு சோதனை ஏற்பாடாகியிருந்தது. வணிக வளாகத்திலிருந்து இருபத்து நாலு பேரைக் கூட்டிவந்து, கையில் ஆளுக்கொரு திருகு குமிழ் கொடுத்து, இருட்டில் உட்காரவைத்தார்கள். பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும். முதலில் ‘ஃபரோ தீவு அசல்’ என்று அறிவித்து ஒரு சத்தம். பிறகு ‘அமெரிக்கத் தழுவல்’ என்று அறிவித்து ஒரு சத்தம்.

முடிவு ஒருமனதாக இருந்தது. “அசல்ல ஒரு ஆன்மா இருக்கு,” என்றார் செருப்புக் கடைக்காரர். “தழுவல் வெறும் வியாபாரம்,” என்றாள் ஒரு கல்லூரி மாணவி. “ஐரோப்பியச் சத்தமே தனி, அதுல மௌனம் ஜாஸ்தி,” என்றார் ஒருவர். இரண்டையும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட மரிபெத்துக்கு இரண்டுக்கும் சட்டை ஒரே அளவுதான் நனைந்தது. அறிக்கையில் ‘வேறுபாடுகள்’ என்ற பத்தியின் கீழ் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லலை?” என்றார் ட்ரெண்ட் பெருமையோடு. “அசல் மாதிரி வராது.”

ரன்வா இன்னொரு துண்டு ஆட்டுக்கறி சீவினார்.

அன்று ஐந்து நாற்பதுக்கு மரிபெத் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சத்தம் தொடங்கிய இரண்டாவது நிமிடம் கதவில் மெல்லத் தட்டல். அவள் பல்லைக் கடித்தாள்.

“உள்ள யாரு?” பெண் குரல்.

பொய் சொல்ல வராதே. “மரிபெத் கோவாக். ஒப்பீட்டு உதவியாளர்.”

“மஞ்சள் பெட்டியா?”

“என்னது?”

“பம்பு. மஞ்சள் பெட்டிதானே? பின்பக்கம் ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும். அதான் க்ரிச்சுங்குது.”

மரிபெத் எட்டிப் பார்த்தாள். வளையம் தேய்ந்துதான் இருந்தது. “ஆமாங்க.”

“வெளியில யாராவது வருவாங்களோன்னு பயமா?”

“ஆமாங்க.”

கதவு நிலையில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. “நான் சாஞ்சு நிக்கறேன். நீ பார்த்துக்கோ.”

மரிபெத்துக்கு ஏனோ கண் கலங்கியது. அதோடு பாலும் வந்தது. பிறகு ரன்வா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னார்.

“அந்தக் கதையை எழுதறப்போ என் பையனுக்கு மூணு மாசம். அவங்கப்பா மீன்பிடிக் கப்பல்ல. ராத்திரியானா எல்லாத்துக்கும் பயம். குழந்தை மூச்சு விடுதா, பால் வத்திடுமா, காத்துல கூரை போயிடுமா. பம்பு பண்ணிக்கிட்டே ஒரு கையால எழுதினேன். கதைக்கு ஒரு சத்தம் வேணும்னாங்க. எங்க போய்த் தேடறது? மேசை மேலயே இருந்துச்சு.”

“அது மரணத்தோட சத்தம்னு எழுதியிருந்தாங்களே!”

“ஆமா. டென்மார்க்குல ஒரு விமர்சகர் அறுபது பக்கம் எழுதினார். ஐரோப்பாவோட மனசாட்சியாம். நான் மறுக்கலை. பரிசு வேற கொடுத்தாங்க.”

“அப்போ கடைசியில அவ ஏன் தாழ்ப்பாள் போடறா?”

“இருபது நிமிஷம் யாரும் உள்ள வரக் கூடாதுன்னு,” என்றார் ரன்வா. “வேற எதுக்கு?”

மறுநாள் கூட்டத்தில் ரன்வா பதினாலாவது பிரிவை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ட்ரெண்ட் நாயகி மனதளவில் தாழ்ப்பாள் போடலாமா என்று கேட்டார். கேக் டப்பாவை மூடினால் ஆகுமா என்று கேட்டார். ரன்வா ஆட்டுக்கறியைப் பார்த்துக்கொண்டு ஆகாது என்றார்.

லெனோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஒரு பெண், ஒரு கதவுன்னுதான் இருக்கு. எந்தப் பெண்ணுன்னு இல்ல. எந்தக் கதவுன்னு இல்ல. படம் பிடிக்கணும்னும் இல்ல.”

ட்ரெண்டுக்கு உயிர் வந்தது. “யாராவது ஒரு பொண்ணு, எங்கயாவது ஒரு கதவு! இந்தக் கட்டடத்துலயே முடிச்சிடலாம்!”

விசாரித்ததில், கட்டடத்தில் தாழ்ப்பாள் போடத் தகுதியுள்ளது அன்னையர் அறைக் கதவு ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. மற்றவையெல்லாம் கொள்கைக்கு விரோதம். அன்னை என்ற முறையில் அந்த அறைக்குள் போக அதிகாரபூர்வமாக அனுமதி உள்ள பெண்ணும் மரிபெத் ஒருத்திதான். பத்து வாரமாகக் கூடாத கதவுக் குழு, பார்க்கிங்கில் நின்றபடியே பதினொரு நிமிடத்தில் கூடிக் கலைந்தது. ‘நேர்மறையான உட்புற இணைப்புக் கருவி ஒன்று’ பொருத்த ஆணை பிறந்தது. ஹெக்டர் டப்பாவைக் குலுக்கி, நூற்றுப் பன்னிரண்டில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாலு திருகாணிக்குப் பதில் ஆறு போட்டு முறுக்கினார்.

“ஆனை தள்ளினாலும் அசையாது, மிஹா,” என்றார் காதோடு.

மாலை ஐந்து நாற்பதுக்குத் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. லெனோர் கையில் ஒப்பந்தம், ரன்வா சாட்சி, ட்ரெண்ட் இயக்கம், மற்றவர்கள் வேடிக்கை. மரிபெத் தோளில் பம்பு வைத்த பை. அன்று எழுபத்து மூன்றாவது நாள்.

“மரிபெத், நீ போடறப்போ முகத்துல நம்பிக்கை தெரியணும்,” என்றார் ட்ரெண்ட்.

“கதவு மூடியிருக்கும். முகம் தெரியாது,” என்றார் லெனோர்.

“தெரியாட்டியும் இருக்கணும். போடு, மூணு எண்ணு, உடனே திறந்துடு. ரெண்டாவது சீசன்.”

மரிபெத் லெனோரைப் பார்த்தாள். “திறக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கா?”

லெனோர் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். “இல்ல.”

மரிபெத் உள்ளே போனாள். முட்டுக்கொடுக்கிற நாற்காலியை வெளியே தள்ளி ஹெக்டரிடம் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

“இன்னும் போடாதே!” என்று ட்ரெண்ட் வெளியிலிருந்து கத்தினார். “ஒரு சின்ன திருத்தம். அவ பயத்துல போடலை, சரியா? தன்னைத் தேடற பயணத்துல போடறா.”

“சரி, ட்ரெண்ட்.”

“ஆனா பாதியில ஒரு சந்தேகம் வரணும்.”

“சரி, ட்ரெண்ட்.”

“சந்தேகத்துக்கு அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு...”

திருத்தங்கள் வந்துகொண்டேயிருந்தன. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. அவளுடைய இருபது நிமிடத்தில் பன்னிரண்டு தீர்ந்துவிட்டது. மார்பு விண்ணென்று தெறித்தது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் வீட்டில் ஜூனி இந்நேரம் கடைசிப் புட்டியின் அடியைச் சப்பிக்கொண்டிருப்பாள். மரிபெத் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள்.

‘ஊங்ங்... க்ரிச்.’

வெளியே பேச்சு நின்றது. யாருடைய போனோ கீழே விழுந்தது. இரண்டு மூன்று பேர் ஓடும் சத்தம் லிப்டுவரை போயிற்று.

“உள்ள இருக்கு!” ட்ரெண்டின் குரல் கிறீச்சிட்டது. “அந்தப் பொண்ணுகூட உள்ளயே இருக்கு!”

“அசலைவிட நல்லா இருக்கு,” என்றது ரன்வாவின் குரல், நிதானமாக.

“இல்ல இல்ல,” என்றார் ட்ரெண்ட். நடுக்கத்திலும் பழக்கம் விடவில்லை. “என்ன இருந்தாலும் அசல் மாதிரி வராது.” பிறகு அவருக்குத் தன் பதவி ஞாபகம் வந்திருக்க வேண்டும். “மரிபெத்! பயப்படாதே! நான் உள்ள வர்றேன்! நம்ம கொள்கைப்படி எல்லாக் கதவும்...”

கைப்பிடி திரும்பியது.

பெரியவர் ஒருவர் அறைக்குள் வரப்போகிறார். பன்னிரண்டு வருடப் பயிற்சி வீண்போகவில்லை. மரிபெத்தின் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. எழுந்து நின்றதும் தாழ்ப்பாள் சரியாகக் கை எட்டும் உயரத்தில் இருந்தது. இடது கையால் இரண்டு புட்டிகளையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதைக் கடைசிவரை தள்ளினாள்.

டக்.